வாயுவுக்குப் பதினேழாயிரம் ரூபாய்

டாலரிலேயே கட்டுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு போகலாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் சில நாட்களாக இதே பேச்சு. மூன்று குடும்பங்கள் சிங்கப்பூர் போய், அங்கிருந்து சுற்றுலாக் கப்பலில் ஏறுகிறார்கள். எல்லாம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். நான் அப்படிப்பட்ட கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பது லிஃப்டில் பேசிப் பேசி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "அங்கிள், ஷிப்ல கார்டு போட்டா ரூபாயா டாலரான்னு கேக்குதாமே, எது பெட்டர்?" என்று ஒரு பெண் கேட்டிருந்தார். டாலர் என்று ஒரு வார்த்தை போட்டேன். ஏன், எதற்கு என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. போனில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். இதையே எழுதிவிடுகிறேன். பொங்கல் வாழ்த்துக்கும் யோகாசனத்தின் நன்மைகளுக்கும் நடுவில் இது பொருந்தாது என்று பட்டால் போடாமல் விட்டுவிடட்டும். எனக்கு வருத்தமில்லை.

முதலில் விஷயம். கப்பலில் எல்லா விலையும் கப்பல் கம்பெனி முடிவு செய்த நாட்டுப் பணத்தில் இருக்கும். நான் இருந்த கப்பலில் அமெரிக்க டாலர். சிங்கப்பூரில் ஏறினாலும் சரி, மலேசியாவில் இறங்கினாலும் சரி, கப்பலுக்குள் டாலர்தான். உங்கள் கார்டு இந்தியக் கார்டு என்று மெஷினுக்குத் தெரியும். உடனே கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா? உங்கள் மேல் அக்கறை வைத்துக் கேட்பது போல இருக்கும். அக்கறை ஒன்றும் இல்லை. ரூபாயை அழுத்தினால், டாலரை ரூபாயாக மாற்றும் வேலையைக் கப்பல்காரனின் வங்கி செய்யும். விலையை அவன் வைப்பான். அதில் ஒரு பங்கு கப்பலுக்கு வரும். டாலரை அழுத்தினால் அந்த வேலையை உங்கள் வங்கி செய்யும். அவனும் ஏதோ எடுப்பான், ஆனால் பெரும்பாலும் குறைவாக எடுப்பான். டாலர் ஏற்றிய பயணக் கார்டு வைத்திருப்பவர் ரூபாயை அழுத்தினால் டாலர் ரூபாயாகி, திரும்ப டாலராகி, இரண்டு பக்கமும் தோல் உரியும்.

இதையெல்லாம் இப்போது நெட்டில் யாரும் தேடிப் படித்துக்கொள்ளலாம். இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை.

என் படிப்பு, பயிற்சியை இரண்டு வரியில் முடிக்கிறேன். கேட்டரிங் டிப்ளமா. எழும்பூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் சில வருடம். பிறகு மும்பை ஏஜெண்ட், மருத்துவச் சோதனை, கப்பல். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு வாரமும், எப்படிச் சிரிப்பது என்று ஒரு வாரமும் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவது எனக்கு நன்றாக வந்தது. இரண்டாவது கடைசி வரை வரவில்லை. கஸ்டமர் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று என்மேல் எப்போதும் புகார் உண்டு. ஆனால் கணக்கில் தப்பு வராது என்பதால் பயணிகள் சேவைக் கவுன்ட்டரில் கணக்குப் பக்கம் உட்கார வைத்தார்கள். அங்கேயே என் வாழ்க்கை போனது.

எங்கள் மேலாளர் பெயர் லோபோ. கோவாக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நம் பின்னால் வந்து நிற்பது காலடியில் தெரியாது. சென்ட் வாசனையில்தான் தெரியும். வந்ததும் கவுன்ட்டரில் கோணலாகக் கிடக்கும் பேனாவை நேராக வைப்பார். ஏதாவது சொல்வதாக இருந்தால் அதற்குப் பிறகுதான் சொல்வார். அந்தப் பேனா நகர்ந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். ஒருவன் கத்தினால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். கப்பல் ஏறிய அன்று சாயங்காலத்துக்குள் எல்லாரும் கவுன்ட்டருக்கு வந்து கார்டைப் பதிய வேண்டும். அதுவரை வாங்கியதெல்லாம் டாலரில் குறித்திருக்கும். பதியும்போது மெஷின் கேள்வி கேட்கும். "எந்தப் பணம்?" என்று நாங்கள் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் யோசிப்பார்கள். மெஷினைத் திருப்பி, ரூபாய் பொத்தான் அவர்கள் கட்டை விரலுக்கு நேராக வரும்படி நீட்ட வேண்டும். எது நல்லது என்று கேட்டால், "உங்கள் விருப்பம்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது. ஆலோசனை சொல்வது குற்றம். உள்ளறையில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. எந்த ஊழியரிடம் எத்தனை பேர் தங்கள் நாட்டுப் பணத்தை அழுத்தினார்கள் என்று அதில் இருக்கும். என் பெயர் அடியில் இருக்கும். லோபோ அதை எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை. பலகையை ஒரு துணியால் துடைப்பார், என் பெயரை மட்டும் துடைக்காமல் விடுவார்.

ரூபாயை அழுத்தியவருக்கு அதற்குப் பிறகு கப்பல் முழுவதும் ரூபாயிலேயே விலை காட்டும். பாரில், கடையில், அறையில் இருக்கும் டிவியில், எல்லாவற்றிலும். இதில் நான் பார்த்த ஒரு விஷயம் உண்டு. டாலரை அழுத்தியவன் ராஜா மாதிரி இருப்பான். எட்டு, பத்து என்று சின்ன எண்கள். வாங்கித் தள்ளுவான். கடைசி நாள் தலையில் கை வைப்பான், அது வேறு. ரூபாயை அழுத்தியவன் முதல் நாளே சுருங்கிவிடுவான். ஒரு காபி நானூறு ரூபாய் என்று கண்ணால் பார்த்த பிறகு அது தொண்டையில் இறங்குமா? தினமும் கவுன்ட்டருக்கு வந்து கணக்கைப் பார்த்துவிட்டுப் போவான். காசு கொடுத்துக் கப்பல் ஏறி, மெஷினில் இலவசமாக வரும் தண்ணி காபியைக் குடித்துவிட்டு இறங்குவான். நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

அப்படி வந்தவர்கள்தான் தணிகாசலமும் மல்லிகா அம்மாவும்.

அவர் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கிய வயது. ஒல்லி. கால்சட்டைக்குள் சட்டையை விட்டு பெல்ட் போட்டிருந்தார். அந்த அம்மா பருமன். புடவைக்கு மேல் மகன் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். வெளிநாட்டில் இருக்கும் மகன் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தான். கப்பலில் ஆகும் செலவு மட்டும் அப்பாவின் கார்டில். ஏறிய அன்று சாயங்காலம் வரிசையில் நின்று என் முன்னால் வந்தார்கள். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு அந்த அம்மா தமிழில் ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி, தமிழா நீ? எந்த ஊரு?"

"அம்பத்தூரும்மா. கள்ளிக்குப்பம்."

"அடப்பாவி! நான் மேனாம்பேடுப்பா. பொறந்தது அங்கதான். இந்த மனுசனக் கட்டிக்கினு ஆவடி குவார்ட்டர்ஸ்ல கெடந்தேன். இப்ப மறுபடியும் மேனாம்பேட்டுலயே ஊடு கட்டிக்கினு கீறோம். கள்ளிக்குப்பத்துல யார் ஊட்டுப் புள்ள நீ?"

"ஏம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் தணிகாசலம்.

"நிக்கட்டும். நடுக்கடல்ல நம்ம ஊரு புள்ளயப் பாத்துகினு கீறேன். அவனுங்களுக்கு இன்னா அவசரம்? கப்பல உட்டுட்டு எங்க போவப் போறானுங்க?"

நான் சிரித்துவிட்டேன். சென்ட் வாசனை வந்தது. பேனா நேரானது. சிரிப்பை நிறுத்திவிட்டு மெஷினை நீட்டினேன்.

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நன்றாகப் படித்தார். எழுபது வயதில் அவ்வளவு கவனமாகப் படிப்பவர் குறைவு. "ரூபாய்னும் போட்டிருக்கு, டாலர்னும் போட்டிருக்கு. எது தம்பி?"

"உங்க விருப்பம்ங்க."

"டாலரே இருக்கட்டுமே" என்றார் அந்த அம்மா. "வெளிநாடு வந்துட்டு இன்னா ரூபா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. ரூபாய்ல இருந்தாத்தான் எவ்ளோ செலவாகுதுன்னு நமக்குப் புரியும்." அழுத்திவிட்டார்.

அதுவரை ஆன செலவு ஒரு துண்டுச் சீட்டில் ரூபாயில் அச்சாகி வந்தது. ஒரே ஒரு வரி. ஏறியதும் அந்த அம்மா மேல்தளத்தில் ஒரு இஞ்சி ஜூஸ் வாங்கியிருக்கிறார். சீட்டை வாங்கிப் பார்த்தவர் கத்தினார்.

"நானூத்தி முப்பதா! இஞ்சி ஜூஸுக்கா! அஞ்சுன்னுதானே போட்டிருந்துச்சு?"

"அஞ்சு டாலர்மா அது."

"டாலரா இன்னான்னு யார் பாத்தா? அஞ்சுன்னு இருந்துச்சு, குடிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் கசக்குது."

வரிசையில் நின்ற தமிழ் தெரியாதவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் எதையும் வாங்கவில்லை. மறுநாள் அந்த அம்மா வந்து, "இன்னா தம்பி, ஒண்ணும் ஏறலியே?" என்று விசாரித்தார். ஏறவில்லை என்றதும், "ஏறாது. எங்க ஊட்டுக்காரரு காவலுக்கு நிக்கிறாரு" என்று கணவரை இடித்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். கப்பல் நடுக்கடலில் இருந்தது, மறுநாள்தான் பினாங்கு. இந்த முறை அந்த அம்மா பேச்சைத் தொடங்கவில்லை. அவ்வளவு குளிரான ஏசியில் அவருக்கு நெற்றியும் மேலுதடும் வேர்த்திருந்தன. மேல்வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்திருந்தார்.

"டாக்டர் எங்க தம்பி இருக்காரு? இவளுக்கு ராத்திரிலேருந்து ஒரு மாதிரி இருக்கு" என்றார் தணிகாசலம்.

இங்கே எங்கள் நடைமுறையைச் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்தால், நெஞ்சுவலி என்று வாயால் சொன்னால், அது அவசரம். ஒரு எண்ணை அழுத்தினால் டாக்டர் ஓடி வருவார். யாரும் காசைப் பற்றிப் பேச மாட்டார்கள். அவசரம் இல்லை என்றால் முதலில் கவுன்ட்டரில் டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தைத் திரையில் காட்ட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பணத்தில் காட்ட வேண்டும். சம்மதம் என்று விரலால் கையெழுத்துப் போட்டால்தான் மருத்துவ அறைக்கு அனுப்பலாம். பின்னால் பில்லைப் பார்த்து யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பயணிகளின் நன்மைக்காக என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கும்.

"அம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கை போனின் மேல் இருந்தது.

"நெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயு. நேத்து அந்த ரொட்டி, ரப்பர் மாதிரி இருந்துச்சே, அது."

திரையைத் திருப்பினேன். பதினேழாயிரத்து இருநூறு ரூபாய்.

அந்த அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார்.

"பதினேழாயிரமா? வாயுவுக்கா? எங்க தெரு முக்குல கீற டாக்டரு இருநூறு வாங்கிகினு ஊசியும் போட்டு உடுவாரு."

"மல்லிகா, காசு போகட்டும், பாத்துடலாம்" என்றார் அவர். குரலில் உறுதி இல்லை. அவரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. உங்க மகன் போட்டிருக்காரு. மொதல்ல நீங்க கட்டுறீங்க, ஊருக்குப் போனதும் முழுசா திரும்ப வந்துடும். போங்கம்மா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொன்னேன்.

"எப்ப வரும்? பேப்பர எடுத்துகினு இந்த மனுசன் ஆபீஸ் ஆபீஸா அலையணும். நாளைக்குக் கரை வந்துடும்ல? அங்க எதனா மருந்துக் கடையில வாங்கிக்கலாம். ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து போயிடும் தம்பி. நீ இன்னா இப்படிப் பயப்படுற?"

அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு லோபோவின் அறைக்குப் போனேன். அந்த அம்மாவின் வேர்வையைச் சொன்னேன். இந்த ஒரு முறை திரையைக் காட்டாமல் அனுப்பிவிடலாம், கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். நெஞ்சுவலி என்று சொன்னாரா என்றார். இல்லை. மயக்கமா? இல்லை. கட்டணத்தைப் பார்த்தாரா? பார்த்தார். வேண்டாம் என்றாரா? ஆமாம். "அப்படியானால் அது அவருடைய விருப்பம். அதை நாம் மதிக்க வேண்டும். வேண்டாம் என்பதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்." நான் நகராமல் நின்றேன். அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரிந்தது. "பாவம். என் கணக்கில் அவருக்கு ஒரு சூடான இஞ்சி டீ கொடுங்கள்" என்றார்.

கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

அந்த அம்மா திரையில் விரலால் 'ம' என்று எழுதினார். "ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி கீது" என்றார். டீயைக் கொடுத்தேன்.

"இது எவ்ளோ?"

"மேனேஜர் குடுக்கச் சொன்னாரு. காசு கிடையாது."

"ஓசியா? அப்ப குடு." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு மாதிரி கசக்காது."

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஒலிபெருக்கியில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்பதற்கான சங்கேத வார்த்தை வந்தது. எந்தத் தளம் என்றும் சொன்னார்கள். நான் கவுன்ட்டரை விட்டுவிட்டு ஓடினேன். மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த மல்லிகா அம்மா சரிந்திருக்கிறார். தணிகாசலம் அவருக்குத் தயிர்சாதம் எடுத்துவரப் போயிருந்தார். திரும்பி வந்தபோது டாக்டரும் நர்சுகளும் தரையில் மண்டியிட்டு அந்த அம்மாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கருவியும் வந்திருந்தது. எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட ரூபாயா டாலரா என்று கேட்கவில்லை. தயிர்சாதத் தட்டைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தணிகாசலத்துக்குத் தோன்றவில்லை. தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான்தான் வாங்கி வைத்தேன்.

பினாங்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. ராத்திரியே தொடங்கியிருக்கும், சிலருக்கு வயிற்றுவலி போலத்தான் காட்டும் என்று டாக்டர் சொன்னார். காலையில் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். டாக்டர்கள் அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் தணிகாசலம் பினாங்கில் இறங்க வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளை லோபோவே செய்தார். தூதரகத்துக்குப் போன் செய்தார், மகனிடம் பேசினார், பெரியவரின் பெட்டியை ஆள் வைத்துக் கட்டச் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இறங்குவதற்கு முன்னால் கணக்கை முடிக்க வேண்டும். மருத்துவ அறையின் பில் வந்திருந்தது. அவசர சிகிச்சை, மருந்து, கருவி என்று ஒரு நீளப் பட்டியல். காலையில் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு. அந்தப் பட்டியலின் தலையில், தனியாக, இஞ்சி ஜூஸ்.

இவ்வளவு பெரிய தொகை என்றால் கார்டை மறுபடி போட வேண்டும். போட்டால் மெஷின் மறுபடி கேட்கும். "நான் இவரிடம் கேட்க மாட்டேன்" என்று லோபோவிடம் சொன்னேன். "நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்றார் மெதுவாக.

தணிகாசலம் வந்து நின்றார். பெல்ட் போடவில்லை. மனைவியின் ஸ்வெட்டர் கையில் இருந்தது. மெஷினை நீட்டினேன். கண்ணாடியை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எது தம்பி?"

எனக்குப் பின்னால் சென்ட் வாசனை. பேனா நேராகிக்கொண்டிருந்தது.

மெஷினை என் பக்கம் திருப்பி டாலரை நானே அழுத்தினேன். பயணியின் விரல் படாமல் ஊழியர் அழுத்துவது வேலை போகிற குற்றம். வாரக் கடைசியில் லோபோ எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கிழித்து முகத்தில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்த ஃபிளாட்டுக்கு வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் பல ஒப்பந்தம் போனேன். மெஷினை நீட்டினேன். என் பெயர் பலகையின் அடியிலேயே இருந்தது. என்னால் முடிந்த கலகம் அவ்வளவுதான்.

அந்த முறை விடுப்பில் வந்தபோது மேனாம்பேட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை, கப்பலில் செத்துப்போன அம்மா வீடு என்றதும் கை காட்டினார்கள். தண்ணி லாரி வரும் நேரம். வாசலில் குடங்களை வரிசை வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இன்சூரன்ஸ் பணம் முழுதும் வந்துவிட்டது என்றார். "அலையவே விடல தம்பி. மகன் நெட்லயே பண்ணிட்டான்." சொல்லிவிட்டுக் குடங்களின் வரிசையைச் சரிசெய்தார்.

லாரி வந்தது. பெண்கள் அவருக்கு முதலில் வழிவிட்டார்கள். "மொதல்ல பெரியவரு பிடிச்சிக்கட்டும்டி" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். நான் குடங்களைத் தூக்கி உள்ளே வைத்தேன். கடைசிக் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கேட்டார்.

"தம்பி, நீ மூஞ்சிக்கு நேரா பேசுற ஆளு. அதனால கேக்குறேன். அன்னிக்கு அந்தத் திரையில டாலர்ல காட்டியிருந்தா என்னா காட்டியிருக்கும்?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் பொய் சொல்ல முடியாத கேள்வி அது. "இருநூறுங்க."

"இருநூறு." தலையாட்டினார். "எங்க தெரு டாக்டர் வாங்குற அதே இருநூறு. அவ நம்பரத்தான் பாப்பா. டாலரான்னு பாக்க மாட்டா. அந்த ஜூஸ் அப்படித்தானே வாங்கினா? அஞ்சுன்னு இருந்துச்சு, குடிச்சேன்னாளே." நிறுத்தினார். "இருநூறுன்னு பாத்திருந்தா உள்ள போயிருப்பா. அவ டாலரே இருக்கட்டும்னுதான் சொன்னா. ரூபாய அழுத்தினது நானு."

அவர் அழவில்லை. கேள்வியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார், கவுன்ட்டரில் நின்ற மாதிரியே.

"இல்லைங்க" என்றேன். "உங்களுக்குத் தெரியாது. கார்டு பதிய நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடியே அம்மா தனியா எங்க கவுன்ட்டருக்கு வந்தாங்க. நீங்க ரூம்ல பெட்டியத் தொறந்துகிட்டு இருந்திருப்பீங்க. அஞ்சு டாலர்னா நம்ம காசுக்கு எவ்ளோன்னு கேட்டாங்க. நானூத்தி முப்பதுன்னேன். தலையில அடிச்சிக்கிட்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னாங்க. அப்புறம் உங்க முன்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி கத்தினாங்க பாருங்க, அது நடிப்பு. அவங்க எதுல பாத்தாலும் மனசுக்குள்ள ரூபாய்க்கு மாத்திடுவாங்க. நீங்க எத அழுத்தியிருந்தாலும் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டாங்க."

தணிகாசலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் படித்த அதே கவனம். பிறகு அவர் உதடு கோணியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நடிச்சாளா?"

"சூப்பரா நடிச்சாங்க."

"திருடி" என்றார். "அவ அப்படித்தான் தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அதற்குப் பிறகு விடுப்பில் வரும்போதெல்லாம் போவேன். போனதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். "இவர்தான்யா அந்தக் கப்பல் தம்பி. எங்க ஊட்டு அம்மா நடிச்ச கதையச் சொல்லு தம்பி" என்பார். சொல்வேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அவர் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

போன பங்குனியில் அவர் காலமானார். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

கப்பலுக்குப் போகிற மூன்று குடும்பத்துக்கும் மறுபடி சொல்கிறேன். மெஷின் கேட்டால் டாலர். கவுன்ட்டரில் இருப்பவன் பேசாமல் நின்றால் அவன் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேர்த்து, வயிற்றைப் பிடித்தால், நெஞ்சுவலி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காதீர்கள்.

கப்பல் ஏறிய அன்றைக்கு மல்லிகா அம்மா கவுன்ட்டருக்குத் தனியாக வரவே இல்லை. கப்பல் கிளம்பும் நேரத்தில் நான் ஒரு வேலையாக மேல்தளத்துக்குப் போனேன். புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா கம்பிப் பக்கம் நின்று கையில் நீளமான கண்ணாடி டம்ளரோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று அப்போது தெரியாது. ஒரு மடக்கு குடிப்பார், கடலைப் பார்ப்பார், மறுபடி ஒரு மடக்கு. எதையும் எதற்கும் மாற்றிப் பார்க்கிற முகமில்லை அது.